டெக்சாஸ் கியூஐபிபி: நர்சிங் ஹோம் கூடுதல் நிதி எங்கே வேலை செய்கிறது, எங்கே கோட்டை விடுகிறது

அமெரிக்காவில் நர்சிங் ஹோமில் (முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லம்) வருடக்கணக்கில் இருப்பவர்களின் தங்கும் செலவுக்கு, முதியோருக்கான மத்திய மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் உதவாது. அதிகபட்சம் 100 நாள், அதிலும் முழுச் செலவை ஏற்பது முதல் 20 நாளுக்குத்தான். கையிருப்பு கரைந்ததும், மாநிலமும் மத்திய அரசும் சேர்ந்து ஏழைகளுக்கு நடத்தும் மெடிக்கெய்ட் காப்பீடு. அது தரும் நாள் கட்டணமோ மெடிக்கேரைவிடக் குறைவு. இந்தப் பள்ளத்தை நிரப்பத்தான் 2017 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸ் கியூஐபிபி என்ற தர ஊக்கத்தொகைத் திட்டத்தை நடத்துகிறது.

பணம் வரும் வழி கொஞ்சம் சுற்றுவழி. கவுண்டி மருத்துவமனை மாவட்டம் (பொது மருத்துவமனையை நடத்தும் உள்ளாட்சி அமைப்பு) போன்ற ஓர் அரசு அமைப்பு நர்சிங் ஹோமின் உரிமத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்கிறது. பழைய நிறுவனம் மேலாளராக அங்கேயே தொடர்கிறது. மாவட்டம் மாநிலத்துக்கு 40 டாலர் அனுப்பினால் மத்திய அரசு சுமார் 60 டாலர் சேர்க்கிறது. அந்த 100 டாலர், ஸ்டார் பிளஸ் என்ற டெக்சாஸ் மெடிக்கெய்ட் திட்டத்தை நடத்தும் காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக ஹோமுக்குத் திரும்புகிறது. சட்டத்துக்கு உட்பட்ட ஏற்பாடுதான். ஆனால் மாவட்டம் தன் பங்கை முன்கூட்டியே கட்ட வேண்டும். சிறிய கவுண்டிகளுக்கு மூச்சு முட்டுவது இங்கேதான். வந்த பணத்தில் மாவட்டத்துக்கு எவ்வளவு, மேலாளருக்கு எவ்வளவு என்பதை இருவரின் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது. நோயாளியின் குடும்பம் அந்தக் காகிதத்தைப் பார்ப்பதே இல்லை.

திட்டத்தின் சிறந்த பகுதி செவிலியர் நேரத்துக்கான தொகை. பதிவுபெற்ற செவிலியர் தினமும் தொடர்ந்து 8 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. அதற்கு மேல் 4 மணி நேரம், பிறகு 8 மணி நேரம் என்று கூட்டினால்தான் பணம் என இந்தத் திட்டம் வைத்த நிபந்தனை நல்ல யோசனை. கூடுதல் நேரம் கட்டாய நேரத்தோடு ஒன்றின்மேல் ஒன்றாக விழக்கூடாது என்றதும் சரி. இல்லையென்றால் பகலில் இருவரை நிறுத்திவிட்டு இரவைக் காலியாக விட்டிருப்பார்கள்.

ஓட்டை எங்கே? கூடுதல் நேரத்தை வீடியோ வழியாகக் காட்ட இடம் கொடுத்ததில். குதிகாலில் சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, வெளுக்கிறதா என்று பார்ப்பதுதான் படுக்கைப்புண்ணின் முதல் சோதனை. வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. திரைக்கு விரல் கிடையாது. கருத்த தோலில் சிவப்பு பெரும்பாலும் தெரியாது.

பணத்தின் இன்னொரு பகுதியைத் தீர்மானிக்கும் தர மதிப்பெண்களைப் பற்றி அவ்வளவு உற்சாகமாகச் சொல்ல முடியவில்லை. படுக்கைப்புண், மனநோய் மருந்து போன்ற அளவீடுகள் எம்டிஎஸ் என்ற நோயாளி மதிப்பீட்டுப் படிவத்திலிருந்து வருகின்றன. அதை நிரப்புவதும் ஹோம்தான், மதிப்பெண்ணால் பணம் பெறுவதும் ஹோம்தான். மனச்சிதைவு என்று குறித்துவிட்டால் அந்த நபர் மனநோய் மருந்துக் கணக்கிலிருந்தே விடுபடுகிறார். அதனால்தான் 2023-இல் மெடிக்கேரையும் மெடிக்கெய்டையும் கவனிக்கும் மத்திய அமைப்பு இந்தக் குறியீட்டைத் தணிக்கை செய்யத் தொடங்கியது. எண்பது வயதில் திடீரென மனச்சிதைவு முளைத்தால் சந்தேகப்படுவது நியாயம்.

2025 ஜூலையில் வந்த மத்திய சட்டம், காப்பீட்டு நிறுவனங்கள் வழியாக மாநிலம் தரச்சொல்லும் இந்த வகைத் தொகைக்கு உச்சவரம்பு போட்டிருக்கிறது. மெடிக்கெய்டை மேலும் பல குறைந்த வருமானக்காரர்களுக்கு விரிவாக்காத டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அது மெடிக்கேர் கட்டணத்தில் 110 சதவீதம். அதற்கு மேல் போகும் பழைய திட்டங்கள் 2028 ஜனவரி முதல் ஆண்டுக்கு 10 சதவீதப் புள்ளி குறைக்கப்படும். வரம்பைத் தாண்டியிருக்கும் எந்தத் திட்டத்தையும் நம்பி ஆள் எடுத்த ஹோமில் முதலில் வெட்டு விழுவது இரவு ஷிஃப்ட்டில்தான் இருக்கும்.

ஒரு ஹோமைத் தேர்வு செய்பவர்கள் ஹோம்களை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் மெடிக்கேரின் கேர் கம்பேர் இணையதளத்தில் மூன்று இடம் பாருங்கள். உரிமை வகையில் 'அரசு, மருத்துவமனை மாவட்டம்' என்றிருந்தால் இந்த நிதி வர வாய்ப்பு அதிகம். அடுத்து வார இறுதிப் பணியாளர் நேரம், செவிலியர் விலகல் விகிதம். இவை சம்பளப் பதிவிலிருந்து வருபவை, திருத்துவது கடினம். ஹோமுக்குத் தளம் தரும் மொத்த நட்சத்திர மதிப்பீட்டைக் கடைசியில் பாருங்கள். நேரில் போனால் சனிக்கிழமை இரவு 9 மணிக்குப் போய், 'இப்போது பணியில் இருக்கும் பதிவுபெற்ற செவிலியர் யார்?' என்று கேளுங்கள்.