அடுக்கு கலையாத சென்ட்ரிஃபியூஜ்: எட்டு மாத அனுபவம்

காரைக்குடியில் ஒரு எலும்பு டாக்டரின் கிளினிக்கில் லேப் டெக்னீசியனாக இருக்கிறேன். மூட்டுத் தேய்மானத்தோடு வருபவர்களுக்கு அவர்களுடைய ரத்தத்திலிருந்தே பிஆர்பி, அதாவது பிளேட்லெட் செறிந்த பிளாஸ்மாவை, மூட்டில் ஊசியாகப் போடப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. அதற்காகவே எட்டு மாதம் முன்பு டியூபை வேகமாகச் சுற்றி ரத்தத்தை அடுக்கடுக்காகப் பிரிக்கும் இந்த மேசை சென்ட்ரிஃபியூஜை வாங்கினோம். ஸ்விங் அவுட் ரோட்டர், எட்டு டியூப், வரியோடு 52 ஆயிரம்.

பழைய மெஷினில் டியூப் சாய்ந்தபடியே சுற்றும். சீரம் பிரிக்க அது போதும். பிஆர்பிக்கு ஆகாது. அடுக்கும் சாய்வாக விழுவதால், டியூபை நிமிர்த்தும்போது சிவப்பு இழை இழையாக மேலே கலங்கி வரும். புதியதில் சுற்றும்போது டியூபைத் தாங்கும் வாளிகள் படுத்துக்கொள்கின்றன, நின்றதும் அடுக்கு மட்டமாக இருக்கிறது. அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா, நடுவில் பஃபி கோட் என்கிற, வெள்ளணுக்கள் சேரும் மெல்லிய வெள்ளைப் படலம். மூட்டுக்குள் வெள்ளணு அதிகம் போக வேண்டாம் என்பார் எங்கள் டாக்டர். அதனால் நீளமான ஸ்பைனல் ஊசியை அந்தப் படலத்துக்கு ஒரு நூல் மேலேயே நிறுத்தி பிளாஸ்மாவை உறிஞ்சுவேன். அடுக்கு மட்டமாக இல்லையென்றால் அந்த ஒரு நூல் கணக்கு நடக்காது. பிரேக்கை முழுதாக அணைத்துவிடலாம் என்பதும் பெரிய வசதி. தானாக நிற்க நாலு நிமிடம் ஆகிறது, ஆனால் படலம் அசைவதில்லை.

மேனுவலில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மட்டும்தான் போட்டிருக்கிறார்கள், ஜி விசை (புவியீர்ப்பைப் போல எத்தனை மடங்கு விசை) இல்லை. இது எனக்குப் பெரிய குறை. யாரோ சொன்ன 1500 ஆர்பிஎம்மை அப்படியே வைத்தால் ஒவ்வொரு மெஷினிலும் ஒவ்வொரு விசை வரும். வாளி படுத்த நிலையில் நடு அச்சிலிருந்து டியூபின் அடி வரை ஸ்கேல் வைத்து ஆரத்தை அளந்தேன், 15 செ.மீ. ஆர்பிஎம்மின் வர்க்கத்தை செ.மீ. கணக்கில் ஆரத்தாலும் 0.00001118-ஆலும் பெருக்கினால் ஜி கிடைக்கும். ரத்தத்துக்கு முதல் சுற்று 1200-இல் சுமார் 240 ஜி, அதிலிருந்து உறிஞ்சிய பிளாஸ்மாவுக்கு இரண்டாவது 1800-இல் சுமார் 540 ஜி, இரண்டும் பத்துப் பத்து நிமிடம். இரண்டாவது சுற்று முடிந்ததும் மேலே உள்ள மூன்றில் இரண்டு பங்கை எடுத்துவிட்டு, மிச்சத்தில் அடியில் படிந்த பிளேட்லெட்டை மெதுவாக ஆட்டிக் கரைக்க வேண்டும். 20 மில்லி ரத்தத்துக்கு 3 மில்லி சொச்சம் தேறும். போன வாரம் ரத்தத்தில் மைக்ரோலிட்டருக்கு 2.1 லட்சம் பிளேட்லெட் இருந்த ஒருவருக்கு, பிஆர்பியை அணுக்களை எண்ணும் செல் கவுண்டரில் போட்டுப் பார்த்தபோது 8.4 லட்சம் காட்டியது.

அடுத்த குறை கரண்ட். ஒருநாள் முதல் சுற்றில் ஆறாவது நிமிடம் கரண்ட் போனது. மூடி பூட்டிக்கொண்டது. திரும்பி வந்ததும் டைமர் முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டது. அந்த ரத்தத்தை ஊசியில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வெளியே பெஞ்சில் இருந்த ஆச்சியிடம் போய், "ஆச்சி, இன்னொரு தரம் எடுக்கணும்" என்றேன். "எடுத்துக்கப்பா" என்று மறு கையை நீட்டினார்கள். அன்று சாயங்காலமே யுபிஎஸ் வாங்கச் சொல்லிவிட்டேன். வாங்குபவர்கள் அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

டெமோவுக்கு வருபவர்கள் டியூபில் தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டுவார்கள். அது போதாது. உங்கள் கையிலிருந்தே 10 மில்லி எடுத்து, ரத்தம் உறையாமல் காக்கும் மருந்து உள்ள மஞ்சள் மூடி ஏசிடி டியூபில் விட்டு, எதிர்ப்பக்கம் அதே எடைக்கு ஒரு டியூப் வைத்து ஓட்டச் சொல்லுங்கள். நின்றதும் நீங்களே மூடியைத் திறந்து டியூபை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.