ராம்நாடு கடலோரத்துல ஹைட்ரோபோனிக்ஸ் போடப்போறவங்க இத படிச்சுட்டு பணத்த குடுங்க

மண்ணில்லா விவசாயம், மொட்டை மாடியில லெட்யூஸ் (சாலட்டுக்கு போடுற கீரை), வெளஞ்சத நாங்களே வாங்கிக்கறோம்னு ஒரு பார்ட்டி உச்சிப்புளி, தேவிபட்டினம், கீழக்கரைன்னு சுத்திக்கிட்டு இருக்காய்ங்க. பேரு போடல, பேச்ச வச்சே கண்டுபுடிச்சிருவீங்க.

எங்க வீட்டுக்கு வந்தவரு மொதல்ல போர் தண்ணிய டம்ளர்ல புடிச்சு டிடிஎஸ் மீட்டர (தண்ணியில கரைஞ்சு கெடக்குறத அளக்குறது) விட்டாரு, 1900 காட்டுச்சு. "அண்ணே, உங்க தண்ணியிலயே சத்து கெடக்கு, உரம் கொஞ்சமா ஊத்துனா போதும்"னாரு. எங்க மாமா "வாயில வச்சா கரிக்கிதேப்பா, இதுல கீரை வருமா"ன்னு கேட்டாக, "அது மினரல்ங்கய்யா"ன்னு சிரிச்சாரு.

முழு தில்லுமுல்லும் இந்த எடத்துலதான். அந்த மீட்டரு தண்ணி எவ்வளவு கரண்ட கடத்துதுன்னு பாத்து ஒரு நம்பர் காட்டும், கரைஞ்சு கெடக்குறது உப்பா உரமான்னு அதுக்கு தெரியாது. லெட்யூஸுக்கு உரம் கலந்த பெறகே ஈசி (கரண்ட கடத்துற அளவு) 0.8 லேருந்து 1.2 வரைக்கும் இருந்தா போதும், டிடிஎஸ் கணக்குல சுமாரா 400 லேருந்து 600. நம்ம தண்ணி உரம் படாமலே அதுக்கு மூணு மடங்கு. இதுல இன்னொரு கூத்து, பைப்புல சுத்தி சுத்தி வர்ற தண்ணிய செடி குடிச்சிரும், வெயிலு கொஞ்சம் இழுத்துரும், உப்பு மட்டும் டேங்க்லயே தங்கிரும், கொறைஞ்ச அளவுக்கு மறுபடி அதே போர் தண்ணிய ஊத்தச் சொன்னாய்ங்க, அப்ப உப்பு ஏறிக்கிட்டுதான போகும்? எங்க செடியில எல ஓரமெல்லாம் கருகி, நெட் பாட் (செடி வைக்கிற ஓட்டை போட்ட கப்பு) கழுத்துல வெள்ளையா உப்பு பூத்து, வேர தொட்டா பழுப்பா கொழகொழன்னு கையோட வருது.

இன்ஸ்டால் பண்ண வந்த பையன் ஏ, பி ரெண்டு உரத்தையும் தண்ணி சேக்காம ஒரே வாளியில கொட்டி கலக்குனான், திரிஞ்ச பால் மாதிரி ஆயிருச்சு. ஏ கேன்ல கால்சியம் நைட்ரேட்டு, பி கேன்ல சல்பேட்டும் பாஸ்பேட்டும், கெட்டியா ஒண்ணு சேந்தா அடியில படிஞ்சிரும், செடிக்கு கெடைக்காது. ரெண்டு கேனா விக்கிறதே அதுக்குத்தான, விக்கிறவனுக்கே தெரியல.

டேங்க வேற வெயில்லயே வச்சுட்டு போயிட்டாய்ங்க. 20 டிகிரி தண்ணி லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் புடிக்கும், 30 ஆனா ஏழரைதான், நம்ம சித்திரை வெயிலுக்கு கேக்கவே வேணாம், வேரழுகல் தானா வரும். கரண்டு போனா மோட்டாருக்கு பேக்கப்பும் கெடையாது.

வாங்கிக்கறோம்னு சொன்னதுக்கு அக்ரிமெண்ட பாத்தா "முதல் தர விளைச்சல் மட்டும், மதுரை குடோன்ல சேர்க்க வேண்டும்"னு பொடி எழுத்துல இருக்கு. லட்ச ரூபாய்க்கு மேல போயிருச்சு. போன் பண்ணா "மெயிண்டனன்ஸ் சரியில்லண்ணே, ஆர்ஓ போடுங்க, நாங்களே தர்றோம்"னு அடுத்த பில்ல நீட்டுறாரு!

போடணும்னு ஆசை இருந்தா மொதல்ல தண்ணிய லேப்ல குடுத்து சோடியம், குளோரைடு எவ்வளவுன்னு தனித்தனியா பாருங்க, மொத்த டிடிஎஸ்ஸ நம்பாதீங்க. மழைத்தண்ணி தொட்டி பெருசா இருக்கறவங்க யோசிக்கலாம், காவிரித் தண்ணிய குடிக்கவே குடத்தோட நிக்கிறோம், அத நம்பி எறங்காதீங்க.

1915 நுகர்வோர் நம்பர்ல புகார் பதிஞ்சாச்சு. இவய்ங்ககிட்ட வாங்குன வேற யாரும் இருந்தா பில்லு, அக்ரிமெண்ட் போட்டோவோட இன்பாக்ஸ் வாங்க, சேந்து நுகர்வோர் கோர்ட்டுக்கு போறதா இருக்கோம்.