மரம் மாதிரி சிமெண்ட் நீரூற்று: பட்டை ஏறுவதற்கு முன் உள்ளே பாருங்கள்

மரத்தண்டு போலச் செதுக்கிய சிமெண்ட் நீரூற்றுக்கு முன்பணம் கொடுக்கப் போகிறீர்களா? கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். இந்த வேலையில் ஏமாற்றுவது மிகச் சுலபம். கண்ணுக்குத் தெரிவது கடைசி இரண்டு சென்டிமீட்டர் பூச்சு மட்டும்தான். நீரூற்று நிற்குமா, ஒழுகுமா, வெடிக்குமா என்பதெல்லாம் அதற்கு முன்பே உள்ளே முடிவாகிவிடுகிறது. மரப்பட்டை போலச் செதுக்கும் அந்தப் பூச்சு ஏறிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்தால்தான் தெரியும்.

அப்படி உடைக்க வேண்டி வந்த ஒரு நீரூற்றைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இடுப்புக்கு மேல் உயரமுள்ள அறுத்த மரத்தண்டு. நடுவில் முறிந்த கிளை. கிளை நுனியிலிருந்து தண்ணீர் வழிந்து கீழே குடைந்த அடிமரத் தொட்டியில் விழும். செதுக்கு வேலையில் குறை சொல்ல இடமில்லை. கணுவைச் சுற்றி ரேகைகள் வளைந்து போகின்றன. அறுத்த முகத்தில் வளையங்கள் ஒரு பக்கம் நெருங்கியும் மறுபக்கம் விலகியும் இருக்கின்றன. வாங்கியவர் அதைப் பார்த்துத்தான் நம்பினார். "முழுக்கக் கம்பி கட்டிய கான்கிரீட், ஆயுசுக்கும் கவலையில்லை" என்பது விற்றவரின் வாய்வார்த்தை. முதல் மழைக்காலம் முடிவதற்குள் தொட்டியில் தினமும் தண்ணீர் இறங்கியது, பம்ப் கருகியது, தண்டில் நெட்டுக்குத்தாக வெடிப்பு ஓடியது, பட்டை பொருமி உதிர்ந்தது. செய்தவரைக் கூப்பிட்டதற்கு, "சிமெண்ட் என்றால் அப்படித்தான், மேலே ஒரு கோட்டிங் அடித்துவிடலாம்" என்று இன்னொரு தொகை கேட்டார். அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை.

உடைத்ததும் உள்ளே இருந்து வந்தது நிஜ மரக்கட்டை. அதைச் சுற்றிச் சாக்கு, சாக்கின் மேல் ஒரே ஒரு சுற்று கோழிவலை, வலையின் மேல் ஒன்றரை சென்டிமீட்டர் சாந்து. ஒரு கம்பி கூட இல்லை. மரம் ஈரம் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சுற்றிலும் இறுகிய சிமெண்ட் ஓட்டுக்கு அந்த அசைவைத் தாங்கும் சக்தி கிடையாது. அதனால்தான் வெடிப்பு தண்டின் நீளவாக்கில் ஓடியது. மேலே எந்தக் கோட்டிங் அடித்தாலும் அந்த வெடிப்பு நிற்காது, ஏனென்றால் அதை உண்டாக்கும் மரம் உள்ளேயே இருக்கிறது.

சரியான வேலை கம்பிக்கூட்டில் தொடங்கும். பிரான்ஸில் ஜோசஃப் மோனியே 1867-ல் காப்புரிமை பெற்ற செடித்தொட்டிகளே இரும்பு வலையின் மேல் சிமெண்ட் பூசியவைதான். மரம் மாதிரி செய்யும் தோட்ட வேலையும் அதே காலத்தில், அதே முறையில் வளர்ந்தது. கம்பி இல்லாத சிமெண்ட் மரம் என்பது வெறும் பூச்சு. 45 சென்டிமீட்டர் விட்டமும் 120 சென்டிமீட்டர் உயரமும் உள்ள தண்டுக்கு 8 மில்லிமீட்டர் கம்பி நெட்டுக்கு ஆறாவது வேண்டும். 20 சென்டிமீட்டருக்கு ஒரு வளையம். அதன் மேல் துத்தநாகம் பூசிய வலை இரண்டு சுற்று, ஒவ்வொரு சாணுக்கும் குறைவான இடைவெளியில் கட்டுக்கம்பியால் முறுக்கியிருக்க வேண்டும். கிளை தனியாகச் செய்து ஒட்டியதாக இருக்கக் கூடாது. கிளைக்குள் போகும் கம்பி தண்டின் கம்பியோடு குறைந்தது 40 சென்டிமீட்டர் சேர்ந்து கட்டப்பட்டிருக்க வேண்டும். அடிக்கம்பிகள் தரையில் 10 சென்டிமீட்டர் கனத்தில் போட்ட தளத்துக்குள் இறங்க வேண்டும். வலையின் வெட்டு நுனிகள் உள்பக்கம் மடங்கியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு நுனி போதும், அங்கிருந்துதான் துருக்கோடு இறங்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த அழுத்தத்தில் மேல்பூச்சு தெறித்து விழும்.

எடை ஒரு நல்ல சாட்சி. மேலே சொன்ன தண்டை 5 சென்டிமீட்டர் கன ஓடாகச் செய்தால், கம்பி சேர்க்காமல் சுமார் 160 கிலோ வரும். முழுக்கக் கெட்டியாக வார்த்தால் 400 கிலோவைத் தாண்டும். "சாலிட் கான்கிரீட்" என்று சொல்லி, இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கி வைத்தால் சொன்னது பொய். ஓடாகச் செய்வதில் தவறே இல்லை, அதுதான் நல்ல முறையும் கூட. உள்ளே தெர்மோகோல் வைத்துச் செய்வதும் ஏற்கத்தக்கதே, ஓடு போதிய கனமாக இருந்து, அதைச் சொல்லி விற்றால். இந்த ஓட்டுக்கு, சிமெண்ட் ஒன்றுக்கு மணல் இரண்டரை என்ற கலவையில் சுமார் 41 கிலோ சிமெண்ட், 72 லிட்டர் மணல், மணலில் உள்ள ஈரத்தையும் சேர்த்து 17 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். தொட்டிக்குத் தனிக் கணக்கு. தண்டு, கிளை, தொட்டி மூன்றும் ஒரே மூட்டை சிமெண்டில் முடிந்துவிட்டது என்று யாராவது பெருமையாகச் சொன்னால், ஓட்டின் கனத்தைக் கேளுங்கள்.

அடுத்த மோசடி செதுக்குப் பூச்சில். உதிர்ந்த பட்டைத் துண்டை நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. சிமெண்டோடு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்திருக்கிறார்கள். கலந்தால் சில நிமிடங்களில் இறுகும். ஒரே நாளில் முழு மரத்தையும் செதுக்கி முடித்துக் கூலியை வாங்கிக்கொண்டு போகலாம். காய்ந்த இடத்து அலங்காரத்துக்கு அது சில காலம் தாக்குப்பிடிக்கலாம். நீரூற்றில் அது விஷம். பிளாஸ்டர் இறுகி ஜிப்சமாகிறது. ஜிப்சம் லிட்டருக்குச் சுமார் 2 கிராம் வீதம் தண்ணீரில் கரையும். அது போக, அதிலுள்ள சல்ஃபேட், ஈரத்தில் சிமெண்டின் அலுமினேட்டோடு சேர்ந்து ஊசி ஊசியான படிகமாக வளர்ந்து இடத்தை அடைக்கும். இறுகிய பிறகு உள்ளுக்குள் வளர்வதால் பூச்சு பொருமி, அடுக்கடுக்காகக் கழலும். சிமெண்ட் ஆலையிலேயே கொஞ்சம் ஜிப்சம் சேர்க்கிறார்களே என்று வாதம் வரும். அது இறுகும் நேரத்தைக் கட்டுப்படுத்த அளந்து சேர்ப்பது. வேலை நடக்கும் இடத்தில் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

செதுக்குப் பூச்சுக்கு வேண்டியது இவ்வளவுதான்: ஒரு பங்கு சிமெண்ட், 1.18 மில்லிமீட்டர் சல்லடையில் சலித்துக் கழுவிய மணல் இரண்டு பங்கு, சிமெண்ட் எடையில் 10 முதல் 15 சதவீதம் எஸ்.பி.ஆர். லேடெக்ஸ் (பிடிப்புக்காகச் சிமெண்டில் கலக்கும் செயற்கை ரப்பர் பால்), அதற்கேற்பக் குறைத்த தண்ணீர். அடிப்பூச்சின் மேல் கீறல் போட்டு, நனைத்து, மேலே நிற்கும் நீர் வற்றியதும் சிமெண்டும் லேடெக்ஸும் குழைத்த பாலை அடித்து, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே 20 முதல் 25 மில்லிமீட்டர் ஏற்ற வேண்டும். விரல் வைத்து அழுத்தினால் தடம் பதிய வேண்டும், ஆனால் நீர் மினுமினுப்பு மேலே வரக் கூடாது. அதுதான் செதுக்கும் பதம். வெயிலில் ஒரு மணி நேரத்திலேயே வரும், குளிரில் நாலு மணி நேரம் கூட ஆகும். ஒரு ஆள் அந்தப் பதத்துக்குள் செதுக்கக்கூடிய பரப்பை மட்டுமே ஒரு தடவைக்குப் பூச வேண்டும். நல்ல கைக்காரர்கள் கிளைக் கணுவிலோ பட்டையின் பிளவிலோ இணைப்பை ஒளித்துவிடுவார்கள்.

அவசரக்காரர்கள் செய்யும் இரண்டு காரியங்களைக் கண்ணால் பார்த்தாலே நிறுத்துங்கள். பதம் வருவதற்குக் காத்திருக்காமல் ஈரப்பூச்சின் மேல் காய்ந்த சிமெண்டைத் தூவித் தேய்ப்பது ஒன்று. மேல்தோல் மட்டும் சிமெண்ட் மிகுந்து, அதிகமாகச் சுருங்கி, மயிரிழை வெடிப்புகளாகப் பின்னும். இறுக ஆரம்பித்த கலவையில் மறுபடி தண்ணீர் ஊற்றிக் குழைப்பது இன்னொன்று. இளகியது போலத் தெரியும், பலம் திரும்பி வராது.

கண்ணாடி இழை கலந்த சிமெண்ட் என்று கூடுதல் விலை சொல்பவர்களிடம் இழைப் பையைக் காட்டச் சொல்லுங்கள். சிமெண்டின் காரத்தைத் தாங்குவது சிர்கோனியா கலந்த, காரம் தாங்கும் இழை மட்டுமே. படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் ரெசினோடு போடும் சாதாரண இழையைச் சிமெண்ட் மெல்ல அரித்துவிடும்.

இனி ஒழுகல். உடைத்த நீரூற்றில் தொட்டிச் சுவரைத் துளைத்துப் போன பி.வி.சி. குழாய் கையால் இழுத்ததும் உருவிக்கொண்டு வந்தது. வழவழப்பான பி.வி.சி.யைச் சிமெண்ட் பிடிக்காது. சுற்றிலும் மயிரிழை அளவு சந்து எப்போதும் இருக்கும். குழாய் சுவரைக் கடக்கும் இடத்தில் ரப்பர் வாஷர் வைத்த டேங்க் கனெக்டர் போட வேண்டும். அது முடியாத இடத்தில் குழாயை உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டும் சொல்யூஷன் தடவி, அதன் மேல் மணலை உருட்டிக் காயவிட்டு, பிறகு சாந்துக்குள் வைக்கலாம். தொட்டியின் உள்ளே இரண்டு பாகமாக வரும் சிமெண்ட் பாலிமர் நீர்த்தடுப்பு, ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு கோட். மூலைகளை முதலிலேயே சாந்தால் உருட்டிவிட வேண்டும். இதெல்லாம் பட்டை வேலைக்கு முன்பே முடிந்து, தண்ணீர் நிரப்பிப் பார்த்திருக்க வேண்டும்.

தண்ணீர் குறைவதற்கு எப்போதும் ஓட்டை காரணம் இல்லை. கிளை நுனியில் சொட்டு வெட்டு இல்லாவிட்டால், தண்ணீர் நேராக விழாமல் கிளையின் அடிவயிற்றை ஒட்டிப் பின்னால் ஓடி, தண்டு வழியாகத் தொட்டிக்கு வெளியே இறங்கும். நுனியிலிருந்து 2 சென்டிமீட்டர் பின்னால், அடிப்பக்கத்தில், 8 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு காடி வெட்டியிருந்தால் அந்த இடத்திலேயே அறுந்து விழும். செதுக்கும்போது ஒரு நிமிட வேலை. இறுகிய பிறகு கிரைண்டரால் வெட்டினால் கிளை நுனியே உடையலாம்.

எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க ஒரு வாளி போதும். தொட்டியில் மட்டத்தைப் பென்சிலால் குறியுங்கள். பக்கத்திலேயே ஒரு வாளியில் தண்ணீர் வைத்து அதிலும் குறியுங்கள். பம்பை நிறுத்தி 24 மணி நேரம் விடுங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் அது ஆவியானது. தொட்டி அதிகம் இறங்கினால் ஒழுகுவது தொட்டிதான். பிறகு பம்பை ஓட்டி இன்னொரு 24 மணி நேரம் பாருங்கள். இப்போது மட்டும் வித்தியாசம் கூடினால், போவது மேல் குழாயிலோ கிளை நுனியிலோ தெறிப்பிலோ. இந்தச் சோதனைக்கு ஒத்துக்கொள்ளாதவரிடம் பாக்கிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

பம்ப் விஷயத்தில் அட்டைப் பெட்டி எண்ணை நம்ப வேண்டாம். மணிக்கு இத்தனை லிட்டர் என்று போட்டிருப்பது உயரமே ஏற்றாதபோது வரும் அளவு. எத்தனை மீட்டர் என்று போட்டிருப்பது தண்ணீரே வராமல் நின்றுவிடும் உயரம். அகலமான வாயிலிருந்து தகடு போல வழிய, வாயின் ஒவ்வொரு சென்டிமீட்டர் அகலத்துக்கும் மணிக்குச் சுமார் 150 லிட்டர் வேண்டும். 15 சென்டிமீட்டர் வாய் என்றால் 2,250 லிட்டர், அதுவும் 120 சென்டிமீட்டர் உயரத்தில். இங்கே வைத்திருந்தது பெட்டியில் 1,000 லிட்டர், ஒன்றரை மீட்டர் என்று போட்ட பம்ப். அது ஏற்றிய கசிவு முழுவதும் கிளையின் அடியை ஒட்டியே ஓடிப் போனது. தொட்டி வற்ற, பம்ப் காற்றைக் குடித்துக் கருகியது. மாற்றலாம் என்றால், பம்பைச் சாந்துக்குள்ளேயே புதைத்துச் சுற்றிலும் வேர் செதுக்கியிருக்கிறார்கள்! பம்ப் கழற்றி மாட்டும் பொருள். கைவிட்டு எடுக்கும்படி ஒரு அறையும், ஒரு வேரோ கல்லோ மாதிரி செய்த மூடியும் இருக்க வேண்டும். வயர் தனிக் குழாயில் வர வேண்டும். ஒன்று 12 அல்லது 24 வோல்ட் பம்ப் கேளுங்கள், இல்லாவிட்டால் மின்கசிவு வந்ததும் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இல்லாமல் இணைக்க விடாதீர்கள். தொட்டியில் குழந்தைகள் கை விடுவார்கள்.

நிறத்தில் ஏமாற்று கண்ணுக்கு நேராக நடக்கும். இரும்பு ஆக்ஸைடு நிறப்பொடியை சிமெண்ட் எடையில் 10 சதவீதத்துக்கு மிகாமல் செதுக்குப் பூச்சிலேயே கலந்து, மேலே நீர்த்த சாயத்தை மெல்லிய பூச்சுகளாக அடித்து அடர்நிறம் ஏற்றினால்தான் கீறினாலும் உள்ளே மரநிறம் தெரியும். எனாமல் அடித்தது என்றால் ஈரம் உள்ளிருந்து தள்ளி, தோலாக உரியும். அடிப்பக்கத்தில் மறைவான ஓரிடத்தில் ஆணியால் கீறிப் பாருங்கள், வெளிறிய சாம்பல் தெரிந்தால் வெறும் மேல்சாயம். வெள்ளை உப்பு பூத்தால் ஆசிட் ஊற்றிக் கழுவ விடாதீர்கள். ஹைட்ரோகுளோரிக் ஆசிட் மெல்லிய ரேகைகளைத் தின்றுவிடும், அதன் குளோரைடு கம்பிக்கும் கேடு. புதிதில் கொஞ்சம் பூப்பது இயல்பு. துலக்கினாலும் அதே இடத்தில் திரும்பத் திரும்பப் பூத்தால், அங்கே ஓட்டின் வழியே தண்ணீர் வருகிறது என்று அர்த்தம்.

ஈரச்சாக்கு போர்த்திக் குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள் காயாமல் வைக்க வேண்டும். 28 நாளுக்கு முன் நிரந்தரமாகத் தண்ணீர் நிரப்பி ஓட்டச் சொல்லாதீர்கள். மீன் விடுவதாக இருந்தால் இன்னும் பொறுங்கள். புதிய சிமெண்ட், காரத்தைக் காட்டும் பி.எச். அளவைத் தண்ணீரில் 12 வரை கூட ஏற்றும். நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, வடித்து, மறுபடி நிரப்பி, அளவு 8.5-க்குக் கீழே நிலைக்கும்வரை மீன் கூடாது.

பணத்தை நாலு தவணையாகப் பிரித்து எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: கம்பிக்கூடு கட்டி முடித்து நீங்கள் படம் எடுத்த பிறகு ஒன்று, அடிப்பூச்சும் நீர்த்தடுப்பும் முடிந்து தொட்டி ஒழுகவில்லை என்று தெரிந்த பிறகு ஒன்று, செதுக்கியதும் ஒன்று, கடைசியாக வாளிச் சோதனைக்குப் பிறகு ஒன்று. ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள் சின்னச் சுத்தியலால் தண்டு முழுக்க மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். உள்ளே வெற்றிடமாகச் செய்த தண்டு முழுக்க ஒரே மாதிரி ஒலிக்கும். ஓரிடத்தில் மட்டும் டொக்கென்று சத்தம் மாறினால் அங்கே பூச்சு விட்டுப்போயிருக்கிறது. சாதாரணச் சிறு காந்தம் வெளியில் ஒட்டினால் இரும்பு மேலாகவே கிடக்கிறது. அந்த இடங்களைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் படம் எடுத்து, செய்தவருக்கு எழுத்தில் அனுப்புங்கள். அவர் சரிசெய்ய வந்தால், விட்டுப்போன பூச்சை முழுவதும் உடைத்தெடுத்து, துருவைத் துலக்கி, லேடெக்ஸ் பால் அடித்துத்தான் மறுபூச்சு ஏற்ற வேண்டும். வெடிப்பின் மேல் புட்டி தடவ வந்தால் கேட்டைத் திறக்காதீர்கள்.