ரோஸ் காரி: மயேபூர்ப் பக்கம் வாங்கிய அம்மி

என் தாயார் நாற்பது ஆண்டுகள் புழங்கிய அம்மி நடுவில் குழி விழுந்து, குழவியும் இடுப்பு மெலிந்துபோனதால், சென்ற ஆண்டு புதிதாக ஓர் அம்மி வாங்கினோம். பத்து மாதங்கள் நாள்தோறும் அதில் அரைத்த பிறகே இதை எழுதுகிறேன். மோரீசியஸில் அம்மியை ரோஸ் காரி என்பார்கள். கறிக்கல் என்று பொருள். குழவிக்கு, இத்தீவின் அன்றாடப் பேச்சுமொழியான கிரியோலில் பாபா என்று பெயர். பாபா என்றால் கைக்குழந்தை. தமிழில் குழவி என்பதும் குழந்தையைத்தானே குறிக்கிறது! தாய் மடியில் பிள்ளை கிடப்பதைப் போலக் கல்லின் மேல் கல் கிடக்கும் அந்தத் தோற்றத்தை, வீட்டுப் பேச்சு கிரியோலாக மாறிய பின்பும் இந்தத் தீவு கைவிடவில்லை என்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

நானும் என் அக்காள் மகனும் ரோஸ்ஹில்லில் மெட்ரோ ஏறிக் கியூர்பீப் சென்று, அங்கிருந்து பேருந்தில் தென்கிழக்குக் கடற்கரை ஊரான மயேபூருக்குப் போனோம். அன்று திங்கட்கிழமை, அங்கே சந்தை கூடும் நாள். ஆனால் நாங்கள் தேடிப் போனது சந்தையை அல்ல. ஊருக்கு வெளியே கல் கொத்துபவர் ஒருவரின் கொட்டகையை. வழியெங்கும் கரும்புத் தோட்டங்களின் நடுவே, நிலத்தைத் திருத்தியபோது பொறுக்கிக் குவித்த கருங்கற்கள் மேடு மேடாக நிற்கின்றன. எரிமலையால் உண்டான தீவு ஆதலால் அம்மிக்குக் கல்லை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டிய தேவையே இங்கு இல்லை. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லாபுர்தொன்னே, தலைநகர் போர்ட் லூயியைக் கட்டி எழுப்பப் புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை அழைத்து வந்தார்; கல்லையும் உளியையும் அறிந்த நம்மவர் கைகள் இந்த மண்ணில் அவ்வளவு பழையவை.

எல்லாக் கருங்கல்லும் அம்மிக்கு ஆகாது. எரிமலைக் குழம்பு ஆறும்போது உள்ளே சிக்கிய வாயுக்களால் சில கற்களில் சிறு துளைகள் இருக்கும். அத்துளைகளில் அரைத்த விழுது புகுந்து, எவ்வளவு கழுவினாலும் போகாமல் புளித்துவிடும். ஆகவே துளையற்ற, கையில் தூக்கினால் கனக்கும் கல்லாகப் பார்க்க வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல கல் கணீரென்று ஒலிக்கும். உள்விரிசல் உள்ளது மந்தமாக ஒலிக்கும். நாங்கள் தேர்ந்த கல் 40 சென்டிமீட்டர் நீளமும் 25 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. எடை 18 கிலோ, குழவி 4 கிலோ. விலை 2,800 மோரீசியஸ் ரூபாய். இரண்டையும் சாக்குப் பையில் சுற்றி, ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக் கியூர்பீப்பில் வண்டி மாறியதைத்தான் அன்றைய பயணத்தின் கடினமான பகுதி என்று சொல்ல வேண்டும்.

புதிய அம்மியில் உடனே அரைக்கக் கூடாது. முதல் நாள் கல்லுப்பையும், அடுத்தடுத்த நாள்களில் ஊறவைத்த அரிசியையும் அரைத்து வழித்துக் கொட்டினோம். முதலில் சாம்பல் நிறமாக வந்த மாவு ஐந்தாம் நாளில்தான் வெள்ளையாக வந்தது. அதுவரை பொறுக்காமல் அரைத்திருந்தால் கல்துகள் பல்லில் நறநறத்திருக்கும்.

பயன் என்று வந்தால், எனக்குத் தயக்கமே இல்லை. பொம்தாமூர் சட்னிக்கு, அதாவது தக்காளிச் சட்னிக்கு, பச்சை மிளகாயையும் உப்பையும் முதலில் நசுக்கி, பின்பு தக்காளியை வைத்து நான்கைந்து முறை மட்டும் இழுத்தால், தோலும் சதையும் சாறும் தனித்தனியே நாவில் படும் பக்குவத்தில் அது வருகிறது. மிக்ஸியில் அதே தக்காளி நுரைத்து வெளிறிய கூழாகிவிடுகிறது. கத்தி வெட்டுகிறது, கல் நசுக்குகிறது என்பதே வேறுபாடு. பச்சை மஞ்சள், தனியா, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை அரைக்கும்போது தண்ணீரைத் தெளித்தாலே போதும் என்பதால், விழுது கெட்டியாகத் திரண்டு எண்ணெயில் உடனே வதங்குகிறது. கறிவேப்பிலையைக் காரிபுலே என்றும் கொத்தமல்லியைக் கொத்தோமிலி என்றும் அழைக்கும் கிரியோல் அண்டைவீட்டாரும் தேங்காய்ச் சட்னி அரைக்க எங்கள் கொல்லைக்கு வருகிறார்கள்.

குறைகளையும் மறைக்கக் கூடாது. அம்மியின் அடிப்பக்கத்தைச் சமமாகக் கொத்தவில்லை. அதனால் அரைக்கும்போது கல் ஆடியது, ஒரு மூலைக்கு அடியில் கல்சில் வைத்துத்தான் நிறுத்தினோம். குழவியின் ஒரு முனை மற்றதைவிடச் சற்றுப் பருத்திருப்பதால் விழுது ஒரு பக்கமாகவே ஒதுங்குகிறது. விற்றவரிடம் கேட்டபோது, தேயத் தேயச் சரியாகும் என்றார். பத்து மாதத்தில் சிறிது சரியாகியிருக்கிறது, முழுவதும் அல்ல. வாங்குமுன் சமதரையில் வைத்து அசைத்துப் பார்க்காதது எங்கள் தவறே ஆனாலும், அந்த விலைக்கு அடிப்பக்கத்தைச் சமன்செய்து கொடுத்திருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

மாடிக் குடியிருப்பில் வாழ்பவர்களுக்கும் முதுகுவலி உள்ளவர்களுக்கும் இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொல்லையும் உறுதியான சிமெண்டுத் திண்ணையும் உள்ளவர்கள் தயங்காமல் வாங்கலாம். நாங்கள் அம்மியைச் சமையலறையில் வைக்காமல், கொத்தமல்லிப் பாத்திக்கு அருகில், மழை படாத தாழ்வாரத்தில் போட்டிருக்கிறோம். உப்புச் சேர்க்காமல் அரைத்த நாளில் கழுவும் நீர் பாத்திக்கும், ஓரத்தில் நிற்கும் முருங்கைக்கும் போகிறது. அரைக்கும் முகம் இப்போது வழவழப்பாகத் தொடங்கியிருப்பதால் மீண்டும் கொத்த வேண்டியிருக்கிறது. கல்லைக் கொண்டு வந்தால் 300 ரூபாய்க்குக் கொத்தித் தருவதாக அந்தக் கொட்டகைக்காரர் சொல்லியிருக்கிறார். இம்முறை அடிப்பக்கத்தையும் சமன்செய்து தரச் சொல்லி, நேரில் நின்று பார்த்துத்தான் வாங்கி வருவோம்.