பாடுபட்ட சுரூபமும் வெறுஞ்சிலுவையும்

கத்தோலிக்க ஆலயத்தின் பாடுபட்ட சுரூபத்தில் இயேசுவின் உடல் தொங்குகிறது. சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகள் பலவற்றில் நிற்பதோ வெறுஞ்சிலுவை. முன்னது வேதனையைக் கண்முன் நிறுத்துகிறது. ஜெர்மன் ஓவியர் குரூனவால்ட், ஐசன்ஹைம் என்ற ஊரின் துறவியர் மடத்துக்காக ஏறத்தாழ 1512 முதல் 1516 வரை தீட்டிய ஐசன்ஹைம் பலிபீட ஓவியத்தில் கிறிஸ்துவின் மேனியெங்கும் புண்கள், விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன. தோல் எரிந்து அழுகும் நோயோடு அத்துறவியரின் மருத்துவமனைக்கு வந்தவர்கள், தங்கள் நோவையே ஆண்டவரின் உடலில் காணும்படி அது அமைந்திருந்தது. வெறுஞ்சிலுவை உயிர்ப்பைச் சொல்கிறது: அவர் இப்போது அங்கே இல்லை. இதைக் கத்தோலிக்கர், சீர்திருத்தர் என்று மட்டும் பிரித்துவிட முடியாது. சீர்திருத்தச் சபைகளைச் சேர்ந்த லுத்தரன் ஆலயங்கள் பலவற்றிலும் சுரூபம் உண்டு. நோயாளியின் தலைமாட்டுக்குச் சுரூபமும் கல்லறைக்கு வெறுஞ்சிலுவையுமே பொருத்தம் என்று எனக்குப் படுகிறது.