வீடியோவில் வட்டம் வட்டமாகத்தான் இருந்தது

களுவாஞ்சிக்குடிப் பக்கம் சின்னதாக ஒரு லேத் கடை வைத்திருக்கிறேன். இருபது வருசமாகப் பழைய லேத், பழைய ட்ரில், பழைய வெல்டிங் பிளாண்ட் என்று பாவித்த சாமானாகவே வாங்கிப் பழக்கம். ஒன்றிலும் ஏமாந்ததில்லை. போன வருசம் ஒரு சி.என்.சி. மில்லிங் மெஷினில் (கம்பியூட்டர் சொல்படி உலோகத்தை வெட்டும் மெஷின்) நன்றாக ஏமாந்தேன். இதுமாதிரி ஒன்று வாங்கக் காசு சேர்த்து வைத்திருக்கும் இரண்டு பேர் இந்த மாதம் என்னிடம் விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன்.

கல்முனை, சம்மாந்துறை அரிசி ஆலைகளுக்குப் பேரிங் ஹவுசிங் (பேரிங் உட்காரும் கூடு) செய்து கொடுக்கும் வேலை எனக்கு நிறைய வரும். பெரும்போக அறுவடைக்கு முன்னால் எல்லா ஆலைக்காரரும் ஒரேயடியாக வந்து நிற்பார்கள். அந்த நேரத்துக்குக் கைகொடுக்கும் என்றுதான் மெஷின் தேடினேன். கொழும்புப் பக்கம் ஜப்பான் மெஷின் இறக்கி விற்கும் ஓர் இடத்திலிருந்து வீடியோ அனுப்பினார்கள். தகட்டில் 1996ஆம் ஆண்டு, பனுக் 18-எம் கன்ட்ரோல் (மெஷினை ஓட்டும் கம்பியூட்டர்), பிடி 40 அளவு ஸ்பின்டில் (கட்டரைப் பிடித்துச் சுழலும் தண்டு). அலுமினியக் கட்டையில் அழகாக ஒரு வட்டம் வெட்டிக் காட்டினார்கள். திரையில் மொத்தம் 2,100 மணித்தியாலம்தான் ஓடியிருக்கிறது என்றும் காட்டினார்கள். விலை 28 இலட்சம்.

நேரில் போனேன். மெஷின் ஓடவில்லை. ஜப்பான் மெஷினுக்கு 200 வோல்ட் மூன்று பேஸ் வேண்டும், நம் நாட்டில் 400, குறைத்துக் கொடுக்க ட்ரான்ஸ்போமர் வேண்டும். "ட்ரான்ஸ்போமரை வேறு மெஷினுக்குக் கழற்றிட்டம் அண்ணன், வீடியோ பார்த்தீங்கதானே, மெஷின் கல்லு மாதிரி" என்றார் விற்றவர். என் பையில் நுண்ணிய அசைவையும் ஊசியில் காட்டும் டயல் கேஜ் இருந்தது, பழைய துவாய்த் துண்டில் சுற்றி வைத்திருந்தேன். அதை வெளியே எடுக்கவேயில்லை. லேத் என்றால் வேலைத்துண்டைக் கவ்வும் 'சக்'கைப் பிடித்து ஆட்டிப் பார்க்காமல் விலையே பேசமாட்டேன். இது கம்பியூட்டர் மெஷின் என்றதும், ஏதாவது கேட்டால் பட்டிக்காட்டான் என்று நினைப்பார்களோ என்று வாயை மூடிக்கொண்டேன். பிழை அங்கேதான் நடந்தது. கதவுப் பிடியில் பெயின்ட் போய் வெறும் இரும்பு பளபளத்ததையும் கண்டேன். 2,100 மணித்தியாலத்தில் கைபட்டு அப்படித் தேயுமா என்று யோசிக்கவில்லை.

லொறி, பூம் ட்ரக், ட்ரான்ஸ்போமர் என்று இன்னும் ஐந்து இலட்சத்துக்கு மேல் போனது. ட்ரான்ஸ்போமரைப் போட்டதும் பிரேக்கர் விழுந்துகொண்டே இருந்தது. முதல் நொடியில் இழுக்கும் கரண்டைத் தாங்க டி வகை பிரேக்கர் வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்தார். அது சின்னக் கதை.

முதல் வேலை நீளத் தகடு ஒன்று, இரண்டு முனையிலும் பேரிங் உட்காரும் துளை. வெட்டி முடித்து விரலை உள்ளே விட்டுச் சுற்றினால், இடப்பக்கமும் வலப்பக்கமும் நகத்தில் தட்டும் ஒரு படி. வட்டம் வட்டமாக இல்லை. நடு மேசையில் ஒரு துளை வெட்டினேன், அது அருமையாக வந்தது. எனக்கு மண்டை காய்ந்துவிட்டது. "மறுகா வாறன் எண்டு போன மில்லுக்காரன் வெளியில நிக்கிறான் அண்ணன்" என்று வேலைக்கு நிற்கும் தம்பி வேறு வந்து சொல்கிறான்.

கன்ட்ரோல் தெரிந்த ஒருவரைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். அவர் கட்டரைத் தொடவேயில்லை. கன்ட்ரோலில் பதிந்து வைத்திருக்கும் அமைப்பு எண்களில் ஒன்றான 1851ஆம் பராமீற்றரைத் திறந்தார். மேசை இடம் வலமாக ஓடும் எக்ஸ் அச்சுக்கு 168 என்று போட்டிருந்தது. மேசை திசை மாறும்போது அதை நகர்த்தும் ஸ்க்ரூவில் உள்ள ஆட்டத்துக்காகக் கன்ட்ரோல் தானாகக் கூட்டிக் கொடுக்கும் அளவு அது. 0.168 மில்லிமீற்றர். நல்ல மெஷினில் இது 0.01, 0.02 என்ற கணக்கில்தான் இருக்கும். ஜப்பானில் வேலைத்துண்டை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் வருசக் கணக்கில் நடு மேசையிலேயே இருந்திருக்கிறது, அந்த ஸ்க்ரூவும் (போல் ஸ்க்ரூ என்பார்கள்) நடுவில்தான் தேய்ந்திருக்கிறது. நடுவில் ஆட்டம் 0.17, முனைகளில் 0.03. விற்றவர்கள் நடுவுக்குச் சரிவர நம்பரைப் போட்டுவிட்டு, நடுவில் மட்டும் வெட்டி வீடியோ எடுத்திருக்கிறார்கள். முனைக்குப் போனால் அதே நம்பர் அளவுக்கு மீறித் தள்ளிவிடுகிறது. எந்த நம்பர் போட்டாலும் ஒரு பக்கம் பிழைக்கும்.

மணித்தியாலக் கணக்கும் பொய்தான். மெமரி பற்றரி செத்தால் பராமீற்றர்களோடு அந்தக் கணக்கும் அழிந்துபோகும். யாரோ திரும்ப ஏற்றியிருக்கிறார்கள், கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடியிருக்கிறது.

விற்றவருக்குப் போன் எடுத்தேன். "லொறியில குலுங்கியிருக்கும் அண்ணன்" என்றார். குலுங்கினால் பராமீற்றரில் 168 வந்து உட்காருமா? இரண்டாம் தரம் எடுக்கவில்லை. ரசீதைப் பார்த்தால் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வரி: உள்ள நிலையிலேயே விற்கப்படுகிறது. அதற்கு மேல் நான் என்ன பேச?

சரி, போகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். கரண்ட் கொடுத்து ஓட்டிக் காட்டாத மெஷினுக்கு முற்பணம்கூடக் கொடுக்க வேண்டாம். டயல் கேஜின் காந்தக் காலை ஸ்பின்டில் தலையில் ஒட்டி, மேசையில் ஒரு கட்டையைத் தொடவிட்டு, ஹேண்ட் வீலை 0.01 படியாக ஒரு பக்கம் சுற்றுங்கள். பிறகு மறுபக்கம் சுற்றி, ஊசி அசையும் வரை எத்தனை படி வீணாகிறது என்று எண்ணுங்கள். நடுவிலும் இரு முனையிலும் பாருங்கள். அதற்கு முன்னால் 1851ஐப் பூச்சியமாக்கச் சொல்லுங்கள், மறுத்தால் அப்படியே திரும்பி வாருங்கள். ஸ்பின்டிலை உச்ச வேகத்தில் அரை மணித்தியாலம் விட்டு, நிறுத்திய பிறகு அதன் தலையில் கையை வைத்துச் சூடு பாருங்கள். பராமீற்றர் பிரதியும் கேட்டு வாங்க வேண்டும்.

என் மெஷின் நிற்கவில்லை. துளை போடும் வேலைக்கு ஒரே பக்கத்திலிருந்து வந்து நிற்கும்படி புரோகிராம் எழுதினால் ஆட்டம் தெரியாது, அப்படித்தான் ஓட்டுகிறேன். புது ஸ்க்ரூவுக்குச் சொன்ன விலையை இங்கே எழுதினால் மனைவி வாசித்துவிடுவாள்.

டயல் கேஜ் இல்லாதவர்கள் கடைக்கு வாருங்கள், என்னுடையதைத் தருகிறேன். துவாய்த் துண்டோடு திருப்பித் தரவேண்டும்.