விற்பனைக்கு முன் வீட்டை ஒழித்துத் துப்புரவு செய்து தரும் சேவை: ஒரு மதிப்பீடு

வீட்டை விற்க முடிவு செய்தவர்களுக்காக, தேவையற்ற பொருள்களைப் பிரித்தெடுத்து அகற்றி, வீடு முழுவதையும் ஆழமாகத் துப்புரவு செய்து, வாங்க வருபவர்களுக்குக் காட்டும் நிலையில் ஒப்படைக்கும் சேவைகள் இப்போது பல இருக்கின்றன. அவற்றுள் ஒன்றை அமர்த்தி எங்கள் வீட்டை ஒழித்து முடித்த பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். எந்த நிறுவனத்தை அமர்த்துபவருக்கும் பயன்பட வேண்டும் என்பதால் பெயரைக் குறிப்பிடாமல், வேலையின் எந்தக் கட்டம் நன்றாக நடந்தது, எந்தக் கட்டத்தில் வீட்டுக்காரர் உடன் நிற்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன். இந்தச் சேவையில் கொடுத்த பணத்துக்கு மேல் பயன் தந்தது பொருள்களைப் பிரிக்கும் வேலைதான். துப்புரவு நன்றாக இருந்தது, ஆனால் கண்காணிக்க வேண்டியிருந்தது. கழித்த பொருள்களை அப்புறப்படுத்திய விதம் மட்டும் ஏமாற்றம் அளித்தது.

பொருள்களைப் பிரிப்பதற்கு வெளியார் எதற்கு என்ற எண்ணம் எனக்கும் இருந்தது. நம் வீட்டுச் சாமான்களில் எது தேவை, எது தேவையில்லை என்பது நமக்குத் தெரியாதா என்றுதான் எவரும் நினைப்பார்கள். தெரிவதில் குறையில்லை, கைவிடுவதில்தான் சிக்கல். நமக்குச் சொந்தமாகிவிட்ட பொருளுக்கு, அது சொந்தமானது என்பதாலேயே நாம் கூடுதல் மதிப்புத் தருகிறோம் என்பதைப் பொருளியலில் ஆய்ந்து காட்டியிருக்கிறார்கள். டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவரும் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரணக் கோப்பையொன்றைக் கையில் பெற்றுக்கொண்டவர்கள் அதை விற்பதற்குக் கேட்ட விலை, அதைப் பெறாதவர்கள் வாங்குவதற்குத் தர முன்வந்த விலையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இந்தப் பற்று என்றால், பரணில் பல்லாண்டுகளாகக் கிடக்கும் தையல் இயந்திரத்தின் உடைந்த மேசையை வீட்டிலிருப்பவர் ஏன் விட மறுக்கிறார் என்பது விளங்கும்.

இங்கேதான் எங்களுக்கு வந்த மேற்பார்வையாளரின் அனுபவம் கைகொடுத்தது. எந்தப் பொருளைப் பற்றியும் ‘இது வேண்டுமா, வேண்டாமா’ என்று அவர் கேட்கவே இல்லை. ‘புதிய வீட்டில் இது எந்த இடத்தில் இருக்கும்?’ என்று மட்டும் கேட்டார். முந்தைய கேள்விக்கு வேண்டும் என்பதே எப்போதும் விடையாக வரும். பிந்தைய கேள்விக்கோ, ஓர் அறையையும் ஒரு சுவரையும் மனத்தில் கொண்டுவந்து பார்த்தால்தான் விடை சொல்ல முடியும். அப்படி எண்ணிப் பார்க்கும்போதே பாதிப் பொருள்களின் முடிவு தானாக வந்துவிடுகிறது. இடம் சொல்ல முடிந்தவை ஒரு பக்கமும், உறவினருக்கோ நண்பருக்கோ சேர வேண்டியவை இன்னொரு பக்கமும், பிறர் பயன்படுத்தக்கூடிய நிலையில் உள்ளவை வேறாகவும், எவருக்கும் பயன்படாதவை தனியாகவும் போயின. என் தாயார் ஒரு பெட்டி நிறையப் பழைய கடிதங்களுடன் தயங்கி நின்றபோது, “அம்மா, இதை இன்றைக்கே முடிவு செய்ய வேண்டாம், இப்படியே கட்டி எழுதி வைத்துவிடுவோம்” என்று சொல்லி, அதற்கென ஒதுக்கிய அட்டைப்பெட்டியில் வைத்து, மேலே உள்ளடக்கத்தை எழுதி ஒட்டினார். கடிதங்களும் படங்களும் முதல் நாளே கைக்கு வந்தால் வேலை அங்கேயே நின்றுவிடும் என்பதால், அவற்றைக் கடைசிக்குத் தள்ளி, துணிகளையும் சமையல் பாத்திரங்களையும் முதலில் எடுக்கும் ஒழுங்கையும் அவர்தான் வகுத்தார். இப்படிப் பொறுமையாக நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள் கிடைப்பது அரிது. அவருக்கு நான் மனமார நன்றி சொல்கிறேன்.

தாள்கள் விஷயத்திலும் அவர் சொன்னது பயனுள்ளதாக இருந்தது. கிரயப் பத்திரம், கட்டட வரைபடம், வரி ரசீதுகள், மின்சாரம் மற்றும் குடிநீர் இணைப்பின் ஆவணங்கள், வீட்டோடு கைமாறப்போகும் சாதனங்களின் உத்தரவாதச் சீட்டுகள் ஆகியவற்றை, ஒழிக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே ஓர் உறையில் போட்டு வீட்டுக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் வைக்கச் சொன்னார். பழைய செய்தித்தாள் கட்டோடு ஆவணமும் போய்விடும் ஆபத்து இந்த வேலையில் உண்மையானது. தவிர, வாங்க வருபவர் ஒன்றைக் கேட்டவுடன் எடுத்துக் காட்டும் நிலையில் இருப்பது விற்பனைக்கும் நல்லது.

சுவரோடு பொருந்திய அலமாரிகளை முழுவதும் காலி செய்யாமல், பாதிக்கு மேல் இடம் விட்டு அடுக்கியதையும் குறிப்பிட வேண்டும். அந்த அலமாரிகள் வீட்டோடு சேர்ந்து விற்பனையாகின்றன. ஆகவே பார்க்க வருபவர் அவற்றைத் திறந்துதான் பார்ப்பார். பிதுங்கி நிற்கும் அலமாரியைக் கண்டால் இந்த வீட்டில் இடம் போதாது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். அறைகளையும் அவர்கள் வெறுமையாக்கவில்லை. கட்டில் ஒன்றாவது கிடக்கும் அறையில்தான், தம் சாமான்கள் அங்கே அடங்குமா என்பதை அளவிட ஒரு பிடிமானம் கிடைக்கும். குடும்பப் படங்களையும் பரிசுக் கேடயங்களையும் கழற்றியபோது ஆணித்துளைகளை அடைத்து, அதே வண்ணத்தைத் தொட்டு வைத்தார்கள். இந்தச் சிறிய வேலையைத் தனிக்கட்டணம் கேட்காமல் செய்தது பாராட்டத்தக்கது.

அகற்றும் கட்டத்துக்கு வந்தபோது, அதுவரை இருந்த கவனம் காணாமற்போனது. எவருக்கும் பயன்படாதவை என்று ஒதுக்கிய அனைத்தையும் ஒரே வண்டியில் ஏற்ற முற்பட்டார்கள். அந்தக் குவியலில் பழைய கைபேசிகளும், உப்பிப்போன பேட்டரிகளும், குழல் விளக்குகளும், காலாவதியான மருந்துகளும், பாதி தீர்ந்த பெயின்ட் டப்பாக்களும் கலந்திருந்தன. லித்தியம் அயனி பேட்டரி நசுங்கினாலோ துளைபட்டாலோ தீப்பிடிக்கக்கூடியது. குப்பை வண்டிகளிலும் குப்பைக் கிடங்குகளிலும் தீ மூளுவதற்கு அது ஒரு காரணம். குழல் விளக்குகளிலும் சிஎஃப்எல் விளக்குகளிலும் சிறிதளவு பாதரசம் இருப்பதால், அவற்றை உடையாமல் தனியே ஒப்படைக்க வேண்டும். மருந்தைக் கழிவுநீரில் கொட்டினால் அது நீர்நிலைகளைச் சென்றடையும். இவற்றை எல்லாம் நாங்களே பிரித்தெடுத்து, மின்னணுக் கழிவு பெறும் இடத்துக்கும் மருந்துகளைத் திரும்பப் பெறும் இடத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தோம். பொறுப்போடு அகற்றுவோம் என்று விளம்பரத்தில் எழுதும் நிறுவனம், எதை எங்கே கொண்டுபோகிறது என்பதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. நாங்கள் கேட்டபோது தெளிவான விடை கிடைக்கவில்லை.

பழைய கணினி ஒன்றும் அந்தக் குவியலில் இருந்தது. கோப்புகளை நீக்குவதாலோ, வன்தட்டை மேலோட்டமாக ஃபார்மட் செய்வதாலோ தரவு முழுவதும் அழிந்துவிடுவதில்லை. மென்பொருள் கொண்டு மீட்க முடியும். வங்கி விவரமும் அடையாள அட்டைகளின் நகலும் இருந்த தட்டு அது. வீட்டை ஒழிக்கும் எவரும் கணினியைப் பிறர் கையில் தருவதற்கு முன், பழைய தரவின் மேல் வேறு தரவை எழுதித் தட்டை முழுமையாக அழித்துவிடவோ, தட்டையே கழற்றி எடுத்து வைத்துக்கொள்ளவோ வேண்டும் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

துப்புரவுப் பணியின் ஒழுங்கு நன்றாக இருந்தது. ஒட்டடை அடிப்பது, மின்விசிறி இறக்கைகளைத் துடைப்பது, திரைச்சீலைக் கம்பிகளின் மேற்புறம், அலமாரிகளின் உச்சி என்று மேலிருந்து தொடங்கிக் கீழே வந்தார்கள். தரையைக் கடைசியில் தொட்டார்கள். ஈரத் துணியை எடுப்பதற்கு முன் உலர்ந்த தூசியை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்தார்கள். தூசி மீது நேராக ஈரம் பட்டால் சேறாகி மூலைகளிலும் ஓடுகளின் இடுக்குகளிலும் அப்பிக்கொள்ளும் என்பதால் இந்த வரிசை முக்கியமானது. அவர்களின் வேக்குவம் கிளீனரில் ஹெப்பா வடிகட்டி இருந்தது. 0.3 மைக்ரோமீட்டர் அளவுள்ள துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பது இந்த வடிகட்டிக்குரிய அளவுகோல்; பரண் போன்ற இடங்களை ஒழிக்கும்போது நுண்தூசி மீண்டும் அறைக்குள் பரவாமல் தடுக்க அது உதவுகிறது. கழிவறைக்கு ஒரு நிறம், சமையலறைக்கு ஒரு நிறம் என மைக்ரோஃபைபர் துணிகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றிவிடாமல் பயன்படுத்தியதும் நம்பிக்கை அளித்தது. பாலியெஸ்டரும் பாலிஅமைடும் கலந்து, மிக மெல்லியதாகப் பிளக்கப்பட்ட இழைகளால் ஆன இந்தத் துணிகள் வெறும் தண்ணீரிலேயே பெரும்பாலான அழுக்கை எடுத்துவிடுகின்றன.

ஆனால் வேதிப்பொருள்களைக் கையாள்வதில் எல்லாப் பணியாளருக்கும் ஒரே பயிற்சி இருந்ததாகத் தெரியவில்லை. குளியலறைக் குழாய்களில் படிந்த வெண்மையான உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் அது கரைந்துவிடும். குழாய்கள் புதியவை போல மின்னின. அதே அமிலக் கரைசலை அருகிலிருந்த பளிங்கு மேடையிலும் தெளிக்க ஓர் இளைஞர் முற்பட்டபோது நான் தடுக்க வேண்டியிருந்தது. பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். கறையைக் கரைக்கும் அமிலம் கல்லின் மெருகையும் அரித்துவிடும். அந்த மங்கலைத் துடைத்துப் போக்க முடியாது, கல்லையே மீண்டும் மெருகேற்ற வேண்டும். வினிகரும் எலுமிச்சைச் சாறும்கூடப் பளிங்கில் இதே வேலையைத்தான் செய்யும். பளிங்குக்கு அமிலமும் கடுங்காரமும் இல்லாத சோப்புக் கரைசல் போதும்.

இதைவிடக் கவலை தந்த ஒன்று, பிளீச்சிங் கரைசலும் அமிலக் கரைசலும் ஒரே வாளியில் அடுத்தடுத்துக் கலக்கப்பட்டது. இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிப்படும். அம்மோனியா உள்ள கண்ணாடித் துப்புரவுத் திரவத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரமின் ஆவிகள் வரும். காற்றோட்டமில்லாத சிறிய குளியலறையில் இவை நுரையீரலைக் கடுமையாகப் பாதிக்கும். மேற்பார்வையாளர் உடனே வாளியை மாற்றச் செய்து, சன்னல்களைத் திறந்துவைத்தார். அவர் அங்கே இல்லாதிருந்தால் பாதிக்கப்பட்டிருப்பவர் அந்த வாளியை ஏந்திய பணியாளரே. அவரது உடல்நலத்தை முன்னிட்டாவது நிறுவனம் இந்தப் பயிற்சியைக் கட்டாயமாக்க வேண்டும். சமையலறை எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கியது வெந்நீரும் காரத்தன்மையுள்ள கரைசலும். வினிகரையும் சமையல் சோடாவையும் ஒன்றாகக் கலந்தால் வலிமை கூடும் என்று பலரும் நம்புகிறார்கள். உண்மையில் அவை ஒன்றையொன்று நடுநிலையாக்கிக்கொள்கின்றன. நுரை அடங்கியபின் எஞ்சுவதற்குத் துப்புரவாக்கும் ஆற்றல் அதிகம் இல்லை. இவர்கள் அந்த வழிக்குப் போகவில்லை.

வாசனை விஷயத்தில் எனக்கும் நிறுவனத்துக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. முடிவில் ஒவ்வோர் அறையிலும் நறுமணத் தெளிப்பான் வைப்பது அவர்களின் வழக்கமாம். குடியிருப்பவரின் மூக்கு தன் வீட்டு வாடைக்குப் பழகிவிடுவதால், அது அவருக்குத் தெரிவதில்லை என்பது சரி. ஆனால் வருபவருக்கு வாடையும் தெரியும், அதை மூடிய நறுமணமும் தெரியும். எதை மறைக்கிறார்கள் என்ற ஐயமும் கூடவே எழும். துணி அலமாரியின் அந்துருண்டைகளை அகற்றி, மெத்தைகளை வெயிலில் காயவைத்து, தரை வடிகால்களைக் கழுவி, சன்னல்களைப் பகல் முழுவதும் திறந்துவைத்ததில் வாடை போய்விட்டது. தெளிப்பான்களைத் திருப்பிக் கொடுத்தோம்.

பின்புற அறையின் சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. அதைச் சுரண்டி வண்ணம் பூசித் தருவதாகக் கூடுதல் கட்டணத்தில் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. நீர் வரும் வழியை அடைக்காமல் பூசிய வண்ணம் கொப்பளித்து உரியும். பூஞ்சணமும் திரும்ப வரும். அதற்குள் வீடு கைமாறியிருக்கும் என்பது என்னைப் பொறுத்தவரை ஒரு சமாதானமே அன்று. ஒழுகிய குழாயை மாற்றி, சுவர் நன்றாக உலர்ந்தபின் பூசி, அந்தப் பழுதையும் பழுதுபார்த்ததற்கான ரசீதையும் வாங்க வந்தவர்களிடம் காட்டினோம். இந்தச் சேவைகள் தம் பட்டியலிலிருந்து ஓதத்தை மறைக்கும் பூச்சை நீக்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வேலைகளை அடுக்கிய வரிசையிலும் ஒரு குறை உண்டு. பொருள் பிரிப்பு முடிந்த மறுநாளே துப்புரவு என்று அவர்களின் திட்டம் அமைந்திருக்கிறது. சாமான்கள் வெளியேறிய பிறகுதான் உடைந்த ஓடும், தளர்ந்த கீலும், கறுத்துப்போன சிலிகான் அடைப்பும் கண்ணில் படுகின்றன. அவற்றைச் சரிசெய்யும்போது மீண்டும் தூசி பறக்கும். இரண்டு கட்டங்களுக்கும் நடுவே பழுதுபார்க்கச் சில நாள்கள் விடும்படி நாங்கள் கேட்டோம்; முணுமுணுப்பின்றி ஏற்றுக்கொண்டார்கள். விளம்பரத்துக்கான படங்களை அதன் பிறகே எடுப்பது நல்லது. அகலக் கோண வில்லை அறையைப் பெரிதாகக் காட்டும் அதே வேளையில், முன்னால் கிடக்கும் சிறு பொருளையும் பெரிதாக்கிவிடும். மேடையில் மறந்து விட்ட ஒரு துணிகூடப் படத்தில் முதலில் கண்ணை இழுக்கிறது.

இதே சேவையை அமர்த்த நினைப்பவர், பொருள் பிரிக்க வரும் மேற்பார்வையாளரை முன்கூட்டியே சந்தித்துப் பேசிவிட்டு முடிவெடுக்கலாம். வேலையின் தரம் அந்த ஒருவரைப் பொறுத்தே அமைகிறது. மின்னணுக் கழிவையும் மருந்துகளையும் தாமே கையாண்டு, எஞ்சியவற்றை மட்டும் அவர்களிடம் ஒப்படைக்கலாம். எங்கள் ஒப்பந்தத்தில் கல்லுக்கோ மரத்துக்கோ சேதம் நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற வரி இல்லை. கையெழுத்திடும் முன் அதை எழுத்தில் சேர்க்கச் சொல்லுங்கள்; வீட்டில் பளிங்கு இருந்தால், எந்தெந்த இடத்தில் என்பதையும் அதே தாளில் குறித்துக் கொடுங்கள்.